அந்தமான் தீவுகளின் பழைய செங்கல் வளைவுகளும் பூகம்பமும்

1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள் மாலையில் அந்தமான் தீவுகளை உலுக்கிய பூகம்பம் ஏறத்தாழ 7.7 அளவினது. போர்ட் பிளேரில் செங்கல்லாலும் கல்லாலும் கட்டப்பெற்றிருந்த கட்டடங்களே அன்று மிகுந்த சேதத்துக்குள்ளாயின. செல்லுலர் சிறையும் அதன் நடுவில் நின்ற காவற்கோபுரமும் அதற்கு விலக்காகவில்லை. துறைமுகத்தின் முகப்பிலுள்ள ராஸ் தீவு அதுவரை ஆட்சியின் தலைமையிடமாக விளங்கிற்று. அங்கிருந்த மாளிகைகளும் பிளவுண்டன. தலைமையிடமும் போர்ட் பிளேருக்கு மாறிற்று. ஒன்பது மாதங்கள் கழித்து ஜப்பானியப் படை தீவுகளில் இறங்கியது. பூகம்பம், போர், பிற்காலத்து இடிப்பு ஆகிய மூன்றிற்கும் பின்னர், சிறையின் ஏழு கட்டடக் கிளைகளில் மூன்று மட்டுமே எஞ்சின. 1979 பிப்ரவரியில் அவை தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ராஸ் தீவு 2018-ஆம் ஆண்டின் இறுதி முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் பெற்றுள்ளன. பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து இக்கட்டுரை பழைய பெயர்களையே வழங்குகின்றது.

எஞ்சிய அம்மூன்று கிளைகளையும், அவைபோன்று தீவுகளில் நிற்கும் பழைய செங்கற் கட்டுமானங்களையும் அடுத்த பூகம்பத்துக்குத் தாக்குப்பிடிக்கச் செய்வது எவ்வாறு? இது கட்டட நூலார் மட்டும் விவாதிக்க வேண்டிய வினா அன்று. நாள்தோறும் பள்ளி மாணவர்கள் வரிசையாக நடந்து செல்லும் தாழ்வாரங்கள் அவை. 2004 டிசம்பர் 26-ஆம் நாளின் பெரும் பூகம்பம் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 29 நிமிட அளவில், பார்வையாளர் எவரும் வரத் தொடங்காத வேளையில் நிகழ்ந்தது. அடுத்தது எந்த வேளையில் நிகழும் என்று கூற இயலாது.

தீவுகளின் நிலை

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள், கடலடியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு மலைத்தொடரின் சிகரங்களே எனலாம். இவற்றுக்கு மேற்கே, இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து பர்மாத் தட்டின் அடியில் புகுகின்றது. இரண்டும் உராயுமிடத்தில் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். பல்லாண்டுகள் சேர்ந்த இறுக்கம் ஒரு நாள் பிடி நழுவி விடுபடும். 1881-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கார் நிக்கோபார் அருகே அவ்வாறு நழுவியதால் எழுந்த கடலலையை வங்கக் கடலைச் சுற்றியிருந்த கடல்மட்டக் கருவிகள் பதிவு செய்தன. 2004-இல் நழுவிய பகுதியின் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். சுமாத்ராவுக்கருகே தொடங்கிய பிளவு வடக்கு அந்தமான் வரை ஓடி முடிய எட்டு முதல் பத்து நிமிடங்கள் பிடித்தன.

அந்தப் பூகம்பத்தில் நிலம் ஆடியதோடு நிற்கவில்லை. வடக்கு அந்தமானின் கரைகள் மேலெழுந்து பவளத் திட்டுகள் வெளியே தெரிந்தன. போர்ட் பிளேரோ ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. பழைய கட்டடத்தைக் காப்போர் இதனையும் கருத வேண்டும். ஒரு காலத்தில் உயர்ந்த ஈரமற்ற நிலத்தில் இடப்பட்ட அஸ்திவாரம், நிலம் தாழ்ந்தபின் உப்பு நீருக்கு அணித்தாகிவிடுகின்றது.

இந்தியத் தரநிலை 1893-இன் 2002, 2016 ஆகிய பதிப்புகள் இத்தீவுகள் முழுவதையும் ஐந்தாம் மண்டலத்தில், அதாவது அப்பதிப்புகளின் மிகக் கடுமையான பூகம்ப மண்டலத்தில் வைத்தன. அவற்றின் கணக்குப்படி, கம்பி வலுவூட்டப்படாத செங்கல்லால் ஆன, நினைவுச்சின்னம் என்னும் தகுதியுடைய, உயரம் குறைந்த ஒரு கட்டடம் எவ்வளவு பக்கவிசையைத் தாங்க வேண்டும்? மண்டலக் குணகம் 0.36, அதில் பாதி 0.18. கட்டடத்தின் முக்கியத்துவத்துக்காக 1.5-ஆல் பெருக்கி, செங்கற்கட்டின் குறைந்த நெகிழ்ச்சியைக் காட்டும் 1.5-ஆல் வகுத்து, குட்டையான கட்டடங்களின் அதிர்வுக்குரிய 2.5-ஆல் பெருக்கினால் 0.45 கிடைக்கும். கட்டடத்தின் எடை 100 டன்னாயின் 45 டன் விசை அதனைப் பக்கவாட்டில் தள்ளுவதாகக் கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். செல்லுலர் சிறை 1896-இல் தொடங்கப்பெற்று 1906-இல் முடிந்தது. அக்காலத்துப் பொறியாளர் காற்றையும் மழையையும் கட்டடத்தின் சொந்த எடையையும் எண்ணிக் கட்டினரேயன்றி, இத்தகைய பக்கவிசையை எண்ணிக் கட்டினாரல்லர். இந்தியாவில் பூகம்பத்துக்கான முதல் தரநிலை வெளிவந்ததே 1962-இல்தான்.

வளைவு எவ்வாறு நிற்கின்றது

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் நசுக்குவிசையை நன்கு தாங்கும். இழுவிசையைச் சிறிதும் தாங்கா. ஆகவே பழங்காலக் கொத்தனார் வாயிலின் மேலும் தாழ்வாரத்தின் முன்னும் உத்தரத்துக்கு மாறாக வளைவை அமைத்தனர். வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குகின்றது. அந்நெருக்கம் கல்லுக்குக் கல் கைமாறி இறுதியில் தூணை அடைகின்றது. ஆனால் அது தூணைக் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, வெளிப்புறமாகவும் தள்ளுகின்றது. வளைவு ஒருபோதும் உறங்குவதில்லை என்று பொறியாளர் கூறுவதன் காரணம் இதுவே.

இத்தள்ளுவிசையின் அளவை எளிய கணக்கினால் அறியலாம். மீட்டருக்குரிய பாரத்தை இடைவெளி நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வளைவின் எழுச்சியை எட்டு மடங்காக்கி அதனால் வகுக்க வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளியும் அரை மீட்டர் எழுச்சியும் உடைய தாழ்வார வளைவின் மேல் மீட்டருக்கு ஒன்றரை டன் பாரம் இருப்பின், தள்ளுவிசையும் ஒன்றரை டன்னாகும். எழுச்சி கால் மீட்டராகக் குறைந்தால் அது மூன்று டன்னாக ஏறும். தட்டையான வளைவுகள் பார்வைக்கு அழகியவை. ஆனால் தூண்களை அதிகமாக வருத்துபவை.

வரிசையாக வளைவுகள் அமைந்தவிடத்து இடையிலுள்ள தூணை இருபுறத்து வளைவுகளும் சமமாகத் தள்ளுவதால் தூண் நேராக நிற்கும். வரிசையின் கடைசித் தூணுக்கோ அப்பால் துணையில்லை. பூகம்பத்தில் முதலில் விரிவது பெரும்பாலும் அம்முனையே. தூண் சிறிது வெளியே சாய்ந்தாலும் வளைவின் இடைவெளி கூடுகின்றது. உச்சியின் அடிப்புறத்திலும் தோள்களின் மேற்புறத்திலும் விரிசல்கள் வாய் திறக்கின்றன. ஒவ்வொரு விரிசலும் ஒரு கதவுக் கீல் போலத் திரும்பத் தொடங்கும். மூன்று கீல்கள் வரை வளைவு நிற்கும். நான்காவது கீல் தோன்றியதும் அது கட்டடமாக இருப்பதை விட்டு இயந்திரமாகிவிடுகின்றது. இடையில் ஒரு வளைவு வீழ்ந்தால், அதன் அண்டைத் தூண்கள் எதிர்த்தாங்கலை இழந்து, சரிவு அடுத்தடுத்த வளைவுகளுக்கும் பரவக்கூடும். நீண்ட பாலங்களைக் கட்டிய பழைய பொறியாளர் சிலர், சில வளைவுகளுக்கு ஒரு முறை மிகப் பருத்த தூணொன்றை நிறுத்தியது இதனை அறிந்தே.

வகுப்பறையில் இதனைக் காட்டுவது கடினமன்று. ஆப்பு வடிவில் அறுத்த ஒன்பது மரத்துண்டுகளை ஒரு பலகையின் மேல் வளைவாக அடுக்கி, இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகளை ஆணியடிக்காமல் வைத்தல் வேண்டும். ஒரு கட்டையை மெல்ல வெளியே நகர்த்தினால் மாணவர்கள் விரிசல்கள் எங்கெங்கே திறக்கின்றன என்பதைக் கண்ணாற் காண்பர். பின்னர் இரு கட்டைகளையும் உறுதியான நூலால் இழுத்துக் கட்டிப் பலகையை அசைத்தால், முன்பு விழுந்த வளைவு இப்போது நிற்கும். பூகம்பத்துக்கெதிரான வலுவூட்டலில் பாதிக்கு மேற்பட்ட பாடம் அந்த நூலில் இருக்கின்றது.

பாலங்கள் புகட்டுவது

வளைவின் இயல்பு தாழ்வாரத்திலும் பாலத்திலும் ஒன்றே. தாமிரபரணியின் மேல் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்து 1843-இல் திறக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலம் பதினொரு வளைவுகளால் ஆனது. அவ்வட்டாரம் பூகம்பம் குறைந்தது. ஆதலின் அப்பாலத்தின் சோதனை வெள்ளமேயன்றி நிலநடுக்கமன்று. கோமதி ஆற்றின் மேல் ஜவுன்பூரில் அக்பர் காலத்தில் எழுந்த ஷாஹி பாலத்தின் கதை வேறு. 1934 ஜனவரியில் பீகாரையும் நேபாளத்தையும் அழித்த பூகம்பத்தில் அது பெரிதும் சேதமுற்றது. அதன் வளைவுகளில் ஏழினைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் வெள்ளங்களைத் தாங்கி நின்ற கட்டு, பக்கவாட்டு ஆட்டத்துக்கு இணங்கிவிட்டது.

பாலத்தில் வளைவுக்கு அடுத்தபடி ஆபத்தானது அதன் வயிற்றிலுள்ள நிரப்பு மண். வளைவின் முதுகுக்கும் சாலைக்கும் இடையே மண்ணும் கற்சிதறலும் கொட்டி, இருபுறமும் பக்கச்சுவர் எழுப்புவது வழக்கம். நிலம் ஆடும்போது தளர்ந்த நிரப்பு பக்கச்சுவரை வெளியே தள்ளுகின்றது. வளைவின் ஒருபுறத் தோளில் பாரம் குவிகின்றது. கட்டடங்களிலும் இதே தீங்கு நேரும். இத்தாலியில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் கூரை வளைவுகளுக்கு மேல் நூற்றாண்டுக் கணக்கில் உடைகல்லும் குப்பையும் சேர்ந்து கிடந்தன. 1997 செப்டம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஒரு பூகம்பம் நிகழ்ந்தது. அதன் சேதத்தைக் காலையில் பார்வையிடச் சென்றோர் உள்ளே நிற்கையில் இரண்டாவது அதிர்ச்சி வந்தது. வளைவுகள் இரண்டிடங்களில் இடிந்து வீழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். கூரையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த குப்பையை முன்னரே அகற்றியிருப்பின் அவ்விபத்தின் கடுமை குறைந்திருக்கக்கூடும். பின்னர் நிகழ்ந்த செப்பனிடுதலில் அந்த நிரப்பு அகற்றப்பட்டது.

அந்தமானிலேயே வேறு வகைப் பாலம் ஒன்று புகட்டிய பாடமும் உண்டு. நடு அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைக்கும் ஆஸ்டின் நீரிணைப் பாலம் 268 மீட்டர் நீளமுள்ள நவீன காங்கிரீட் பாலம். 2004 பூகம்பத்தில் அதன் நடு இடைவெளிகளின் மேற்றளம் தாங்கிகளிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் இடம் பெயர்ந்தது. தூண்கள் நின்றன, தளமும் முறியவில்லை. ஒன்றை மற்றொன்றோடு பிணைத்து நிறுத்தும் ஏற்பாடுதான் போதாதிருந்தது. செங்கல்லாயினும் காங்கிரீட்டாயினும் பகுதிகள் தனித்தனியே ஆடினால் கேடு என்பதே இங்கும் அசிசியிலும் ஜவுன்பூரிலும் கண்டது.

செல்லுலர் சிறையின் அமைப்பு

சிறையின் ஏழு கிளைகளும் நடுக்கோபுரத்திலிருந்து மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல விரிந்திருந்தன. ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். மொத்தம் ஏறத்தாழ 690 தனியறைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகை நோக்கியிருக்குமாறு அமைத்தது, கைதிகள் ஒருவரையொருவர் காணாதிருப்பதற்காக. அறைகளின் முன்னே நீண்ட தாழ்வாரம். அதன் வெளிப்புறத்தில் செங்கல் வளைவுகளின் வரிசை. செங்கல் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது.

விசித்திரம் என்னவெனில், மனிதரைத் தனிமைப்படுத்துவதற்காகச் செய்த அமைப்பே கட்டடத்துக்கு ஒரு வகையில் வலிமையாயிற்று. அறைக்கு அறை குறுக்குச் சுவர் இருப்பதால், கிளையின் குறுக்குத் திசையில் சுவர்கள் நெருக்கமாக நின்று தேன்கூடு போல விசையைப் பகிர்ந்துகொள்கின்றன. நீளவாட்டுத் திசை அவ்வாறன்று. அங்கே விசையைத் தாங்க வேண்டியவை, சிறிய காற்றுச் சாளரங்கள் உள்ள பின்சுவரும், வரிசையாகக் கதவுகள் துளைத்த முன்சுவரும், வளைவுகளைத் தாங்கும் தாழ்வாரத் தூண்களுமே. இவற்றுள் தூண்களே மெலிந்தவை. மேலும் உயர்ந்த கோபுரமும் நீண்ட கிளைகளும் வெவ்வேறு தாளத்தில் ஆடுபவை. இவை சேருமிடத்தில் ஒன்று மற்றொன்றை இடிக்க இடமுண்டு. நான்கு கிளைகள் மறைந்த பின்னர், கோபுரத்தைச் சூழ்ந்திருந்த சமநிலையும் முன்பு போலில்லை.

சுவரைத் தளத்தோடு பிணைப்பதன் பயனை ஓர் எண்ணினால் விளக்கலாம். 45 சென்டிமீட்டர் தடிப்பும் 3.6 மீட்டர் உயரமும் உடைய சுவர், மேல்முனை கட்டப்படாமல் தனித்து நிற்பதாகக் கொள்வோம். தடிப்பை உயரத்தால் வகுத்தால் எட்டில் ஒன்று. காரையின் பிடிப்பைக் கணக்கில் சேர்க்காவிடின், தன் எடையில் எட்டில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தாக்கியதும் அச்சுவர் அடியில் கீல் விட்டுச் சாயத் தொடங்கும். அதே சுவரின் மேல்முனையைத் தளத்தோடு பிணைத்துவிட்டால், அது சாய வேண்டுமாயின் நடுவிலும் முறிய வேண்டும். அதற்கு நான்கு மடங்கு விசை, அதாவது எடையில் பாதி தேவைப்படும். மேலே கண்ட 0.45 என்னும் எண்ணோடு இதனை ஒப்பிட்டால், ஒரு பிணைப்புக் கம்பி இருப்பதும் இல்லாததும் சுவர் நிற்பதும் வீழ்வதுமாகும் என்பது விளங்கும்.

வலுவூட்டும் முறைகள்

முதல் வேலை கம்பி கட்டுவதன்று; காரையைக் கவனிப்பது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகளில், நூறாண்டுக்கு மேற்பட்ட சுண்ணாம்புக் காரை இணைப்புகளிலிருந்து கரைந்து வெளியேறியிருக்கும். உப்புக் காற்று செங்கலின் முகத்தைப் பொடியாக்கியிருக்கும். உதிர்ந்த இணைப்புகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, கழுவி, புதிய சுண்ணாம்புக் காரையால் நிரப்ப வேண்டும். பின்னர் சுவரின் உள்ளே இருக்கும் வெற்றிடங்களுக்கு நீர்த்த சுண்ணாம்புச் சாந்தைக் குழாய் வழியே செலுத்த வேண்டும். இதில் பொறுமையே பெரிது. அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லல் வேண்டும். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அளவைத் தாண்டலாகாது. அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால், பிளவைச் சேர்க்க வந்த சாந்தே சுவரைப் பிளந்துவிடும்.

சிமெண்டைப் பயன்படுத்தினால் வேலை விரைவில் முடியுமே என்று கேட்பவர் உண்டு. பழைய செங்கல்லைக் காட்டிலும் சிமெண்டுப் பூச்சு கடினமானது, ஈரத்தை வெளிவிடாதது. சுவருக்குள் புகுந்த உப்பு நீர் பூச்சின் பின்னே தங்கி, உலரும்போது உப்புப் படிகங்களாகி, பூச்சை விட்டுவிட்டுச் செங்கல்லைத் தின்னும். பத்தாண்டுகளில் பூச்சு அப்படியே இருக்க, அதன் பின்னே சுவர் மாவாகியிருக்கும். சுண்ணாம்போ செங்கல்லோடு சேர்ந்து மூச்சு விடுகின்றது. பூகம்பத்தில் சிறிது இடம் கொடுக்கின்றது. விரிசல் விழுந்தாலும் செங்கல்லில் விழாமல் இணைப்பில் விழுகின்றது. தமிழ்நாட்டுக் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்துப் பதப்படுத்தியது வெறும் சம்பிரதாயமன்று. எனினும் கடல் மணலை அலசாமல் கலப்பின் எந்தப் பக்குவமும் பயன் தராது.

காரை திடப்பட்ட பின் இழுகம்பிகள். வளைவின் இரு கால்களும் தொடங்கும் மட்டத்தில், தூணுக்குத் தூண் குறுக்கே ஓர் உருக்குக் கம்பியை இட்டு வெளிமுகத்தில் தகடு வைத்துத் திருகுவதே இம்முறை. இத்தாலியக் கட்டடங்களில் இடைக்காலம் முதலே இதனைக் காணலாம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி, பாதுகாப்பான அளவில் நான்கு டன்னுக்கு மேல் இழுவிசை தாங்கும். முன்னர்க் கணக்கிட்ட வளைவின் தள்ளுவிசை ஒன்றரை டன்னே. ஆதலின் கம்பியின் வலிமை பற்றிக் கவலையில்லை. கவலை தகட்டின் அடியிலுள்ள செங்கல்லைப் பற்றியது. நான்கு டன் விசை 30 சென்டிமீட்டர் சதுரத் தகட்டின் வழியே இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு நாலரை கிலோகிராம் அழுத்தம் விழும். பழஞ்செங்கல்லுக்கு இது எல்லைக்கு அண்மையது. ஆகையால் கம்பியைச் சிறிதளவே முறுக்கி, தொய்வு மட்டும் நீக்கிவிட வேண்டும். பூகம்பம் வரும்போது அது தானே வேலை செய்யும்.

கம்பி எத்தகைய உருக்கால் ஆனது என்பது அந்தமானில் உயிர்நிலையான கேள்வி. சாதாரண உருக்கு துருப்பிடிக்கும்போது பருமன் பல மடங்காகி, தன்னைச் சூழ்ந்த கட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். கடற்கரையில் காங்கிரீட் தூண்கள் செதில் செதிலாக உரிவது இதனாலேயே. எனவே துருவேறா உருக்கே தகும். விலை கூடுதலென்று இதில் சிக்கனம் செய்வது, சில பத்தாண்டுகளுக்குப் பின் வரும் பொறியாளருக்கு இரட்டிப்பு வேலை வைப்பதாகும்.

அடுத்தது, தளங்களையும் கூரையையும் சுவர்களோடு பிணைத்தல். ஒவ்வொரு மாடித் தளமும் ஒரு தட்டைப் போல விறைப்பாக இருந்து, நெருக்கமான குறுக்குச் சுவர்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்க வேண்டும். இதற்காகப் பழைய தளத்தை அகற்றிக் கனத்த காங்கிரீட் தளம் இடுவது ஒரு காலத்தில் பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. அப்போக்கு இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. உச்சியில் எடை கூடினால் பக்கவிசையும் கூடும். நலிந்த சுவர் அதனைத் தாங்காது. இலேசான உருக்குப் பட்டைகளைத் தளத்தின் மேல் குறுக்கு நெடுக்காக ஓட்டி, முனைகளைச் சுவரில் நங்கூரமிடுவதே போதுமானது. கோபுரமும் கிளையும் சேருமிடத்தில் இரு வழிகள் உள்ளன: உறுதியாக ஒன்றாக்குதல், அல்லது தெளிவாகப் பிரித்து இடைவெளி விடுதல். பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் விடுவதே தீது.

பாலங்களுக்கு இவற்றோடு வேறு சில வேலைகளும் உண்டு. நிரப்பு மண்ணை அகற்றி இலேசான சுண்ணாம்புக் காங்கிரீட்டால் நிரப்புதல். எதிரெதிர்ப் பக்கச்சுவர்களைக் குறுக்குக் கம்பிகளால் இணைத்தல். நீர் வடியும் துளைகளைத் திறந்து வைத்தல். தூணடியை வெள்ளம் அரிக்காமல் காத்தல். அடி அரிக்கப்பட்ட தூணுக்கு மேலே எத்தனை கம்பி கட்டினும் வீணே.

இவையனைத்திலும் ஒரு வரம்பு உண்டு. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், பழமையான பொருளையும் உண்மைச் சான்றையும் மதித்தே செப்பனிட வேண்டும் என்று விதித்தது. சிறை அறையின் செங்கற்களை முழுவதும் காங்கிரீட் உறையால் மூடினால் கட்டடம் உறுதிப்படலாம். ஆனால் பார்க்க வருபவர் எதனைப் பார்ப்பர்? பின்னாளில் கழற்றிவிடக்கூடிய முறையைத் தேர்வதும், புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரியுமாறு விடுவதும் நன்று. தாழ்வார வளைவின் குறுக்கே தெரியும் ஒரு மெல்லிய கம்பி கண்ணை உறுத்தும் என்பர் சிலர். அந்த உறுத்தலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ராஸ் தீவின் இடிபாடுகள்

ராஸ் தீவில் நிலைமை வேறு. அங்கே கூரையிழந்த சுவர்களை ஆலினத்து மரங்களின் வேர்கள் வலைபோலப் பின்னியுள்ளன. தேவாலயச் சுவர்கள் வேர்களாலேயே நிற்பது போலத் தோன்றும். ஓரளவு அது உண்மையுமாகும். வேர் வளரும்போது இணைப்புகளை நெம்புகின்றது. அதே வேர் தளர்ந்த கற்களைப் பிடித்தும் வைக்கின்றது. மரத்தை ஒரே நாளில் வெட்டி வேரைப் பிடுங்கினால் சுவரும் உடன் வரும். வெட்டாமல் விட்டால், புயலிலோ பூகம்பத்திலோ மரம் ஆடும் ஆட்டம் முழுவதும் சுவரில் இறங்கும். கிளைகளைக் கழித்துப் பளுவையும் காற்றெதிர்ப்பையும் குறைத்து, வேர் விட்ட இடங்களைச் சிறிது சிறிதாகக் காரையால் நிரப்பிச் செல்லும் நடுவழியே இங்குப் பொருந்தும். எல்லா இடிபாட்டையும் வலுப்படுத்த இயலாது. இயலாதவற்றின் அடியில் மக்கள் நடக்கும் பாதையை விலக்கி அமைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

களப்பணியாளர் செய்யக்கூடியவை

பெரிய வேலைகள் தொடங்கும் வரை காத்திராமல் செய்யக்கூடியது விரிசல் கண்காணிப்பு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு முனைகளிலும் சாந்தால் ஒட்டி, தேதியைக் குறித்து வைத்தல் வேண்டும். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் புதியதை ஒட்டி, பழைய தேதியையும் புதிய தேதியையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தின் முன்னும் பின்னும் ஒரு முறை, உணரத்தக்க அதிர்ச்சி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு முறை இதனைப் பார்ப்பது போதும். வளைவின் உச்சிக்கல் இறங்கியுள்ளதா, வரிசையின் கடைசித் தூண் குண்டுநூலுக்கு எவ்வளவு விலகியுள்ளது, கூரைக் கால்வாயில் செடி முளைத்துள்ளதா என்னும் மூன்றையும் அதே பதிவேட்டில் குறிக்கலாம். ஒரே இடத்திலிருந்து ஒரே கோணத்தில் எடுத்த நிழற்படம் பல சொற்களுக்கு ஈடாகும்.

அதிர்ச்சிக்குப் பின் பார்வையிடச் செல்வோர் அசிசியை நினைவில் கொள்ள வேண்டும். முதல் அதிர்ச்சியில் கீல் விட்ட வளைவுக்கு இரண்டாவது அதிர்ச்சி சிறியதாயினும் போதும். ஆகவே முதல் நாள் பார்வை வெளியிலிருந்தே நடக்கட்டும், தொலைநோக்கி போதுமானது. உள்ளே செல்ல நேர்ந்தால் வளைவின் அடியில் நில்லாமல், மரச்சட்டத்தால் முட்டுக் கொடுத்த பின்னர், இருவர் இருவராக, ஒருவர் வெளியில் நின்று காவல் பார்க்கச் செல்ல வேண்டும். அம்முட்டுச் சட்டங்களுக்கு வேண்டிய மரத்தை வளைவின் அளவுக்கு முன்னரே அறுத்து, எண்ணிட்டு, சிறைக் கட்டடத்துக்கு வெளியே உள்ள கொட்டகையில் அடுக்கி வைத்திருத்தல் நலம்.